பூப்போட்ட பலகையை அறுத்த நாள்

உள்ளேயிருந்து ‘அடுத்தது’ என்று குரல் வரவேண்டும். வரவில்லை.

அப்பா ஆர்கனின் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டைக்குரிய குழல் மட்டும் கோயில் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்ட நேரம். குன்னூர்ப் பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடிகளை வெள்ளையடித்தது போல் மறைத்திருந்தது. நான் ஆர்கனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, துருத்தியின் கிழிந்த மடிப்பில் ஆட்டுத்தோலை ஒட்டிக்கொண்டிருந்தேன். சூடான வஜ்ஜிரப் பசை காதோரம் சொட்டியது.

பைப் ஆர்கனுக்குச் சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்துவார். இன்னொருவர் உள்ளே, குழல்களுக்கு நடுவே பலகையில் நின்று, அந்தந்தக் குழலின் உச்சியைத் தட்டிச் சரிசெய்துவிட்டு ‘அடுத்தது’ என்பார். எங்கள் குடும்பத்தில் வெளியே அப்பா, உள்ளே சித்தப்பா.

அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்வது அந்த ஒரு வார்த்தைதான். அதைக்கூடச் சித்தப்பா குழலிடம் சொல்வதாகத்தான் அப்பா எடுத்துக்கொள்வார்.

சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ‘என்னடா ஆச்சு?’ என்று கேட்டுவிட்டால் முதலில் பேசியவராகிவிடுவார். அதனால் அப்பா குனிந்து என்னைப் பார்த்தார்.

“உன்ற சித்தப்பன் தூங்கிப்போட்டானான்னு கேளு.”

“சித்தப்பா?” என்றேன்.

உள்ளே சுருதி தட்டும் கம்பி கீழே விழுந்து, பலகையில் உருண்டு, ஏதோ ஒரு குழலில் மோதி நின்றது.

அதற்குமேல் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், ஒரு தகரக் குழலுக்கு இரண்டு கிழவர்கள் ஏன் இப்படி முறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பெட்டி திறக்க வந்தவர்

என் கொள்ளுத்தாத்தா மாசிலாமணி ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டி செய்யும் தச்சர். துரை ஒருவர் சீமையிலிருந்து கோயிலுக்கு ஆர்கன் வரவழைத்தார். அது கப்பலிலும் மாட்டு வண்டியிலும் பெட்டி பெட்டியாக வந்து சேர்ந்தது. அதைப் பூட்டித்தர வரவேண்டிய ஆள் மேட்டுப்பாளையத்தில் காய்ச்சலில் படுத்து, அப்படியே ஊர் திரும்பிவிட்டார்.

கொள்ளுத்தாத்தாவைப் பெட்டிகளைத் திறக்கத்தான் கூப்பிட்டார்கள். போதும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குத் திறந்ததை எடுத்து அடுக்கினார், பொருத்தினார், பிரித்தார், மறுபடி பொருத்தினார். ஒரு மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. கடைசியில் அது சத்தம் போட்டது. சில உதிரிகள் மீந்து போயின. அவை எதற்கு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வழியில் நசுங்கிப்போன குழல்களுக்குப் பதிலாக அவரே வார்த்தார். அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் ஒட்டுவார்கள். அதை உருக்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்துத் தகடாக ஊற்றிச் சுருட்டினார். அந்தக் குழல்கள் இன்றைக்கும் பாடுகின்றன.

ஆர்கனின் பக்கவாட்டுப் பலகையும் அவர் கை வேலைதான். சந்தன வேம்பு மரத்தில் கொடியும் இலையுமாகச் செதுக்கியிருந்தார். வீட்டில் அதைப் பூப்போட்ட பலகை என்போம். துரை அதை ஒலிவ இலை என்று நினைத்து, இந்த மனிதனுக்கு எவ்வளவு வேத அறிவு என்று மெச்சினாராம். அது தேயிலை. கொள்ளுத்தாத்தா பார்த்த இலை அது ஒன்றுதான். துரையைத் திருத்தி அவர் மனதை ஏன் நோகடிக்கவேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

தாத்தா காலத்தில் முழு ஆர்கனே செய்ய ஆரம்பித்தோம். அவர் சேரம்பாடிப் பக்கம் ஒரு சபைக்குச் சில்வர் ஓக் மரத்தில் ஒன்று செய்துகொடுத்தார். மழை பிடித்தால் அது தானாகவே வேறு சுருதிக்குப் போய்விடும், வெயில் வந்ததும் திரும்பி வரும். சபையாரும் கூடவே போய்த் திரும்பி வரப் பழகிக்கொண்டார்கள். சிலோனிலிருந்து வந்து அங்கே குடியேறிய ஒரு பெரியவர் மட்டும், “மனுசனுக்கே இந்த ஊரு மழை தாங்காது, மரத்தக் குத்தஞ் சொல்ல ஏலுமா?” என்று தாத்தாவுக்காகப் பேசினாராம்.

அப்பாவும் சித்தப்பாவும் மூன்றாவது தலைமுறை. ‘ஆர்கன் செய்து தரப்படும், பழுது பார்க்கப்படும்’ என்று அப்பா ஒரு போர்டு வைத்தார். கோத்தகிரியிலிருந்து ஒருவர் வந்து, மச்சானுக்குக் கிட்னி வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு டீ கொடுத்து, விளக்கம் சொல்லி அனுப்பிவிட்டு, அப்பா போர்டில் ஒரு குழலின் படத்தை வரைந்தார். அதன்பிறகு தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்பா அதில் சிலவற்றைச் சரிசெய்தும் கொடுத்தார்.

நான் நான்காவது. ஸ்கூலில் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள், லீவு நாட்களில் துருத்தி ஒட்டப் போய், கடைசியில் லீவிலேயே நின்றுவிட்டேன். வேலைக்குக் குறைவில்லை. மலையில் மழையும் எலியும் இருக்கும்வரை ஆர்கனுக்குப் பழுது வந்துகொண்டேதான் இருக்கும்.

கல்யாணத்தில் நிற்காத சத்தம்

சித்தப்பா ஞானராஜ் தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு ஊர் குந்தா. சித்தியின் அப்பாவுக்கு அங்கே மின் நிலையத்தில் வேலை. கல்யாணம் இதே கோயிலில், இதே ஆர்கன் முழங்க நடந்தது. நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

சபைப் போதகரான ஐயர் மாப்பிள்ளையைப் பார்த்து, “இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?” என்று கேட்டு முடிக்கவில்லை, ஆர்கனில் ஒரு குழல் தானாகப் பாட ஆரம்பித்தது. வாசித்தவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். சத்தம் நிற்கவில்லை. ஐயர் இன்னும் உரக்கக் கேட்டார். குழல் அதைவிட உரக்கப் பாடியது.

பெண் வீட்டார் முக்கால்வாசிப் பேர் மின் நிலையத்து ஆட்கள். அவர்கள் எழுந்து ஃப்யூஸைத் தேடினார்கள்.

சித்தப்பா மாலையைக் கழற்றித் தோழனிடம் கொடுத்தார், கோட்டையும் கழற்றினார். ஆர்கனுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கதவு வழியாக உள்ளே போய், அந்தக் குழலையே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். தலையில் ஒட்டடையோடு “ஏற்றுக்கொள்கிறேன்” என்றார். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை கையில் பூச்செண்டு இல்லை, குழல்தான் இருக்கிறது.

அன்றோடு பேச்சு நின்றது.

அப்பாவின் கட்சி இது. “பொண்ணு ஊட்டுக்காரங்க பூ வாளியக் கொண்டாந்து ஆர்கன் மேலயா வெப்பாங்க? தண்ணி எறங்கி மரம் ஊதிப்போச்சு. வால்வு மூடல.”

சித்தப்பாவின் கட்சி வேறு. “அந்த வால்வு ஒட்டுதுன்னு மொத நாளே சொன்னேன். பாக்கறேன்னு சொன்னாரு. பாத்திருந்தா இப்படி ஆகுமா?”

இதை இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. என் அம்மாவிடம் தனித்தனியாக வந்து சொன்னார்கள். அம்மா இருவரிடமும் “நீங்க சொல்றது சரிதானுங்க” என்று சொல்லி, குழம்பைக் கிளறப் போய்விட்டார்.

வேலை நிற்கவில்லை. பட்டறை ஒன்றுதான், வீடுகளும் ஒட்டியே இருந்தன. “உன்ற அப்பங்கிட்டச் சொல்லு, ஆணி தீந்துபோச்சு” என்பார் சித்தப்பா. அப்பா பக்கத்தில்தான் நிற்பார். நான் திரும்பி, “ஆணி தீர்ந்துடுச்சாம்ப்பா” என்பேன். அவர் “கேட்டுச்சு” என்று என்னிடம் சொல்வார். இப்படியே இருபது வருடத்துக்குக் கிட்டே ஓடியது.

ரம்பம்

இனி அந்தக் கம்பி விழுந்த இடத்துக்கு வருகிறேன்.

அப்பா கட்டையிலிருந்து கையை எடுத்தார். எழுந்து, ஆர்கனுக்குப் பின்னால் போய், சின்னக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. வயிறும் சிறியதல்ல. அந்த வழி ஒல்லியான ஒரு ஆளுக்கு என்று போட்டது. எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சநேரம் சட்டை கிழியும் சத்தம் கேட்டது.

பிறகு அவர் குரல் வந்தது. “டேய் ராஜா!”

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நான் துருத்திக்கு அடியிலிருந்து எழுந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டேன்.

சித்தப்பா இரண்டு பெரிய மரக்குழல்களுக்கு நடுவே பலகையில் சரிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்த்திருந்தது. நெஞ்சுமேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது என்று முனகினார். அப்பா அவருக்குப் பின்னால் நுழைந்து, தம்பியைத் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடித்ததில் அப்பாவின் முதுகு கட்டைகளிலிருந்து வரும் மரக்கம்பிகளை அழுத்த, ஆர்கனில் இருந்த அடித்தொண்டைக் குழல்களெல்லாம் ஒரே நேரத்தில் உறுமத் தொடங்கின. நான் ஓடிப்போய்க் காற்று மோட்டாரை நிறுத்தினேன். அந்த உறுமல் கேட்டுத்தான் வெளியே பெருக்கிக்கொண்டிருந்த, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி யோவான் உள்ளே வந்தார். அவரை ஆம்புலன்ஸுக்கு போன் செய்யச் சொன்னேன்.

இனி எப்படி வெளியே கொண்டுவருவது? உள்ளே இருக்கும் ஏணி வழியாக இறக்க முடியாது. அப்பா அடைத்துக்கொண்டிருக்கும் வழியில் இன்னொரு ஆள் போக முடியாது.

“எஸ்தர், ரம்பம் எடு” என்றார் அப்பா உள்ளேயிருந்து.

“எந்தப் பக்கம்ப்பா?”

“கெழக்குப் பக்கப் பலகை. பூப்போட்டது.”

“அப்பா, அது கொள்ளுத்தாத்தா செஞ்சது.”

“அவரு செத்துப்போயிட்டாரு. இவன் இன்னும் சாகல. அறு.”

துரை மெச்சிய அந்தக் கொடியின் மேல் ரம்பத்தை வைத்தேன். எங்கள் வீட்டுக் குழந்தைகள் யாரும் அந்தப் பலகையில் கைவைத்தால் அப்பா விரல் முட்டியில் தட்டுவார். என் முட்டியிலும் தட்டியிருக்கிறார். முதல் இழுப்புக்கு ரம்பம் வழுக்கியது. இரண்டாவது இழுப்பில் மரம் பிடித்தது. நூறு வருட மரத்திலிருந்து புதிதாக வெட்டியதுபோல் ஒரு வாசனை வந்தது.

அப்போது உள்ளேயிருந்து சித்தப்பாவின் குரல், மெல்லியதாக, ஆனால் எரிச்சலோடு வந்தது.

“பாப்பா... அங்க அறுக்காத. காத்துக் கொழா போகுது. ஒரு சாண் கீழ.”

“நீ பேசாத” என்றார் அப்பா.

“நான் பேசலீனா அவ கொழாய அறுத்துப்போடுவா.”

“அறுத்தா அறுக்கட்டும் போ.”

“கிறிஸ்மஸ் வருதுங்ண்ணா.”

“ஒரு சாண் கீழயே அறு” என்றார் அப்பா என்னிடம்.

அறுத்தேன். யோவானும் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பலகை பிளந்து கையோடு வந்தபோது ஆம்புலன்ஸ் ஆட்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஆர்கனுக்குள் ஒரு கிழவரை இன்னொரு கிழவர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “இதுல யாருக்குங்க உடம்பு சரியில்ல?” என்று கேட்டார்கள். இருவருமே பார்க்க அப்படித்தான் இருந்தார்கள்.

பேசிக்கொண்டே இருங்கள்

குன்னூர் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, ஹார்ட் அட்டாக், உடனே கோயம்புத்தூர் போங்கள் என்றார்கள். சித்தப்பாவோடு அப்பா பின்னால் ஏறினார். நான் முன் சீட்டில், நடுவில் இருந்த சின்ன ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நர்ஸ் ஒரு சின்னப் பெண். “ஐயா, அவருகிட்டப் பேசிட்டே இருங்க. பயப்படாம பாத்துக்கங்க” என்றார் அப்பாவிடம்.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பக் கதை தெரியாது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். “ஆணி வாங்கணும்” என்றார். ஒரு கொண்டை ஊசி வளைவு போனது. “கேத்தியில பனி உழுந்து கெழங்குச் செடியெல்லாம் கருகிப்போச்சாம்.” இன்னொரு வளைவு. பர்லியாறு பக்கம் டூரிஸ்ட் வேன்கள் குரங்குகளைப் படம் எடுக்க நின்றிருந்தன. சைரன் கேட்டுக் குரங்குகள்தான் முதலில் விலகின.

பேச வேறு எதுவும் இல்லாமல் போனது. வண்டி மறுபடி வேகம் எடுத்ததும் அப்பா சொன்னார்.

“ராஜா, அந்த வால்வ நான் பாக்கல. நீ சொன்னது நெனப்பிருந்துச்சு. கேரம் போர்டு ஆடப் போயிட்டேன். காலையில பாத்துக்கலாம்னு இருந்தேன். காலையில மறந்துபோச்சு.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது.

“தப்பு என்னுதுதான்” என்றார்.

அதன்பிறகுதான் திரும்பினேன். சித்தப்பாவின் முகத்தில் ஆக்சிஜன் மூடி இருந்தது. அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, அப்பாவின் பக்கம் நீட்டினார். அப்பா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, கைய விடுங்க. அவருக்கு வாந்தி வருது” என்றார் நர்ஸ்.

யாரும் கேட்கவில்லை

கோயம்புத்தூரில் சித்தப்பாவின் ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை நீக்கி, உள்ளே ஸ்பிரிங் போல ஒன்று வைத்தார்கள். விளக்கம் சொல்ல வந்த டாக்டரிடம், குழாயின் உள்விட்டம் என்ன என்று அப்பா கேட்டார். டாக்டர் சொன்னதும், “இத்துனூண்டு ஓட்டையில எப்படிங்க வேல செய்யறீங்க?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். டாக்டருக்கு அது பிடித்துவிட்டது. படம் வரைந்து காட்டினார்.

சித்தி பஸ் பிடித்து, ஒரு பையும் ஃப்ளாஸ்க்குமாக வந்து சேர்ந்தார். ஆபத்தில்லை என்று கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதார். முகம் கழுவிவிட்டு வந்தார். அப்பா அவர் பக்கத்தில் போய் நின்று, ஆம்புலன்ஸில் தம்பியிடம் சொன்னதை அவரிடமும் சொன்னார்.

“பூவ வெச்ச உங்க சொந்தக்காரங்களப் பத்தியும் நெறைய பேசிப்போட்டேன் அம்மிணி. மனசுல வெச்சுக்காத.”

சித்தி ஃப்ளாஸ்க்கை மூடினார்.

“எங்காளுங்க வெக்கலீங்க மாமா. வாளிய எங்க வெக்கறதுன்னு எங்கப்பா கேட்டாரு. இவருதான் வாங்கி ஆர்கன் மேல வெச்சாரு. போட்டோவுல நல்லா விழும்னு.”

“உனக்குத் தெரியுமா?”

“நான் வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தனுங்க.”

“இத்தன வருசமாச் சொல்லலியே?”

“யாருமே என்னக் கேக்கலீங்க மாமா.”

அப்பா போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். கோபத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை. சித்தி அவருக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றினார்.

மறுநாள் சித்தப்பாவைப் பார்க்க விட்டார்கள். அப்பா கட்டிலருகே உட்கார்ந்து, “பூ வாளி” என்று மட்டும் சொன்னார். சித்தப்பா மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார். “போட்டோவுல நல்லாத்தான் விழுந்துச்சு” என்றார்.

ஓட்டையோடு ஒரு கிறிஸ்துமஸ்

நான் கோயிலுக்குத் திரும்பி வந்தபோது மரத்தூள் அப்படியே கிடந்தது. கூட்டி அள்ளினேன். கொஞ்சநேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, துருத்தியில் விட்டுப்போன ஒட்டு வேலையை முடித்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆர்கன் பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையும் ஓட்டையோடு வாசித்தது. மேல் வரிசைக் குழல்களுக்குச் சுருதி சேர்க்கவே இல்லை. ஆராதனை முடிந்து வந்த சபையார், “இந்த வருசம் சத்தம் நல்லாத் தெறந்து கேக்குதுங்க, என்ன பண்ணுனீங்க?” என்றார்கள். அப்பா, “கொஞ்சம் மர வேல” என்றார்.

அறுத்த பலகையை ஒட்டிவிடலாம் என்றேன் நான். அப்பா ஒட்டவில்லை. கீல் வைத்து அதையே கதவாக்கிவிட்டார். கொடி நடுவில் வெட்டுப்பட்டு, இலைகள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக இருக்கின்றன. ஆர்கனுக்குக் கதவு எதற்கு என்று கேட்கிறவர்களிடம், “ஆள் போக வர” என்கிறார்.

சித்தப்பா இனி ஏணி ஏறக்கூடாது, குறுகலான இடத்தில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஈஸ்டருக்கு முன்னால் சுருதி சேர்க்கப் போனபோது நான் உள்ளே போனேன். வெளியே ஒரே பெஞ்சில் அப்பாவும் சித்தப்பாவும் ஸ்வெட்டர், மஃப்ளரோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கட்டையை அழுத்தினார். நான் குழலுக்குக் காதைக் கொடுத்தேன்.

குழல் கேட்கவில்லை. இவர்கள் பேச்சுதான் கேட்டது. ஆணி எங்கே வாங்குவது, தாத்தா செய்த சில்வர் ஓக் ஆர்கன் உண்மையில் கெட்டதா நல்லதா, கேரம் போர்டில் அன்றைக்கு ஜெயித்தது யார், டாக்டர் சொன்ன மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று போய்க்கொண்டே இருந்தது. “அடுத்தது” என்று நான் கத்தினேன். யாரும் அழுத்தவில்லை. மறுபடி கத்தினேன்.

“கொஞ்சநேரம் ரெண்டு பேரும் பேசாம இருக்கீங்களா!”

வெளியே சட்டென்று அடங்கியது. அடுத்த குழல் ஒலித்தது. நான் அதன் உச்சியில் ஒரு தட்டுத் தட்டினேன், சரியாக வந்து நின்றது.

அப்போது அப்பா, தம்பியிடம், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“மத்தியானம் உங்க ஊட்டுல என்னடா கொழம்பு?”